செம்மண்ணில் இயற்கைப் பாதரசம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (காரைக்குடி): எங்கள் தோட்டத்துச் செம்மண்ணில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் பாதரசம் இருப்பதாக ஆய்வறிக்கை வந்துள்ளது. சுற்றுவட்டாரத்தில் ஆலை எதுவும் இல்லையே?

பதில்: ஆலை இல்லாமலும் இந்த அளவு வரும். பூமியின் மேலோட்டிலேயே கிலோவுக்குச் சராசரியாக ஏறத்தாழ 0.05 மில்லிகிராம் பாதரசம் உண்டு. போதாததற்கு, காற்றில் கலந்திருக்கும் பாதரச ஆவி மழையோடும் உதிரும் இலைதழையோடும் மண்ணை வந்தடைகிறது. வெப்பமண்டலத்தில் பாறை நெடுங்காலம் சிதைந்து, சிலிக்காவும் சுண்ணாம்புச் சத்தும் கரைந்தோடிய பின் எஞ்சும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் இதை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. அமேசானின் தபஜோஸ் ஆற்றுப்பகுதியில் பாதரசம் கண்டறியப்பட்டபோது தங்கச் சுரங்கங்கள் மீதே சந்தேகம் விழுந்தது. ஆனால் 1990களில் நடந்த ஆய்வுகளில், சுரங்கங்களுக்கு வெகுதொலைவிலிருந்த காட்டு மண்ணிலும் உங்கள் அறிக்கையில் உள்ளதை ஒத்த அளவுகள் இரும்பு ஆக்சைடுகளோடு ஒட்டியபடி கிடைத்தன. அந்தக் காட்டை அழித்ததால் அரித்துச் சென்ற மண்ணே ஆற்றுக்குப் பாதரசத்தின் பெரும்பங்கைக் கொண்டுசேர்த்ததாக அந்த ஆய்வுகள் கருதின.

எனவே ஒற்றை எண்ணைக் கண்டு கலங்க வேண்டாம். அதே குழியில் ஒரு மீட்டர் ஆழத்து மண்ணையும், கூடவே இரும்பு, களிமண் அளவுகளையும் சோதியுங்கள். அடிமண்ணிலும் அதே அளவோ கூடுதலோ இருந்தால், பெரும்பாலும் அது இயற்கையானதே.

கேள்வி (தேவகோட்டை): செம்புராங்கல்லின் சிவப்புக்கும் சாதிலிங்கத்துக்கும் தொடர்பு உண்டா?

பதில்: இல்லை. செம்புராங்கல்லின் நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது. சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்த கனிமம்.

கேள்வி (கானாடுகாத்தான்): கண்மாய் வண்டலில் பாதரசம் கூடுதலாக இருக்குமா? அதைப் புஞ்சையில் அடிக்கலாமா?

பதில்: மணலைவிடக் கூடுதலாகவே இருக்கும். நுண்ணிய களிமண்ணுக்குப் பரப்பு அதிகம்; மட்கிலுள்ள கந்தகமோ பாதரசத்தை எளிதில் விடாது. மாசு கலக்காத வண்டலைப் புஞ்சையில் அடிப்பதற்கு இது தடையாகாது. நான் கவனிக்கச் சொல்வது கண்மாய்க்குள் நடப்பதைத்தான்: நீர் தேங்கி ஆக்சிஜன் அற்றுப்போன சேற்றில் சிலவகை நுண்ணுயிரிகள் பாதரசத்தை, உடலில் எளிதில் சேரும் நச்சு வடிவமான மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன, அது சிறுமீனிலிருந்து பெருமீனுக்குப் போகப்போகச் செறிகிறது. ஆகையால் அங்கே சேற்றின் மொத்த அளவைவிட, விரால் போன்ற இரைதின்னி மீனின் சதையைச் சோதிப்பதே பயனுள்ளது.

கேள்வி (பள்ளத்தூர்): மாதிரியை எப்படி எடுப்பது?

பதில்: மொட்டைமாடி வெயிலிலோ சூட்டடுப்பிலோ காயவைக்காதீர்கள், பாதரசம் ஆவியாகி அளவு குறைந்துவிடும். நிழலில் உலர்த்தி, சுத்தமான கண்ணாடிக் குப்பியில் இறுக மூடி அனுப்புங்கள்.