ஹாம்ப்டன் கல்வி நிலையப் படங்களை நடுநிலையான ஆவணமாகக் கொள்ளலாமா?

1899-1900இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஹாம்ப்டன் கல்வி நிலையத்தில் புகைப்படக் கலைஞர் பிரான்சிஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டன் எடுத்த படங்கள் நடுநிலையானவையா என்று கேட்டிருக்கிறீர்கள். அவை மதிப்புமிக்க ஆவணங்கள்தாம், நடுநிலையானவை அல்ல. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்காக 1868இல் தொடங்கப்பட்ட அந்நிலையம் வெள்ளையரின் நன்கொடையைப் பெரிதும் நம்பியிருந்தது. தன் தொழிற்கல்வி முறையை 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் காட்டுவதற்காக, நிர்வாகமே வெள்ளையரான ஜான்ஸ்டனை அழைத்துப் படமெடுக்கச் செய்தது.

பொருளாளர் இல்லத்து மாடிப்படியைக் கட்டும் மாணவர்களின் படத்தைப் பாருங்கள். ஒவ்வொருவரும் ஒரு வேலையில் ஆழ்ந்திருக்க, ஒருவர்கூடக் கேமராவை நோக்குவதில்லை. ஒழுங்கும் உழைப்பும் அதில் தெரிகின்றன. அரசியல் உரிமை கேட்கும் மனிதர் தெரிவதில்லை. அமெரிக்க வரலாற்று வகுப்பின் படம் இதைவிட உறுத்துகிறது: மரபுடை அணிந்த பூர்வகுடி மனிதர் ஒருவர், பாடம் செய்யப்பட்ட கழுகின் அருகே, சீருடை மாணவர்கள் பார்த்துப் படிக்கும் காட்சிப்பொருளாக நிறுத்தப்பட்டிருக்கிறார். ஆயினும் அம்மாணவர்களின் கம்பீரத்தை வெறும் நாடகம் என்று ஒதுக்குவது அவர்களுக்கு நாம் இழைக்கும் அநீதியாகும் என்றே கருதுகிறேன்.

அதே கண்காட்சிக்குக் கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸ் தொகுத்தளித்த ஜார்ஜியா ஆல்பங்களில் 363 படங்கள் இருந்தன. அட்லாண்டாவின் கறுப்பினக் கலைஞர் தாமஸ் அஸ்க்யூ எடுத்த பல உருவப்படங்களும் அவற்றில் அடங்கும். அங்கே கைவேலைப் பயிற்சிக்கு முதன்மை இடம் இல்லை. நேர்த்தியாக உடுத்திய ஆண்களும் பெண்களும் தத்தம் தனித்தன்மையோடு அமர்ந்திருக்கிறார்கள்.