தூக்கிவிடும் நாற்காலி: வாசகர் கேள்வி, பதில்

கே: அம்மாவுக்கு 78 வயது. மூட்டுவலி. சோபாவிலிருந்து எழுப்ப ரெண்டு பேர் வேண்டும். லிஃப்ட் சேர் வாங்கினால் வலி போய்விடும், பஞ்சு மாதிரி இருக்கும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? (அம்பாசமுத்திரம்)

ப: எழுப்பிவிட்ட பிறகு தன் காலில் நிற்க முடியும் என்றால் வாங்கலாம். மோட்டார் இருக்கையின் பின்பக்கத்தை உயர்த்தி, ஆளை முக்கால்வாசி நிமிர்த்திவிடும். மிச்சம் அவர் காலின் வேலை. எழும்போது முட்டியில் விழும் பாரம் குறையும். வலியை அது ஆற்றாது.

பஞ்சு மாதிரி இருப்பது ஒரு தகுதியே இல்லை. விற்கிறவரும் வாங்குகிறவரும் மெத்தையை அமுக்கிப் பார்க்கிறார்கள். உட்காரப்போகிறவரை யாரும் அளப்பதில்லை. எனக்குப் பொறுக்காத விஷயம் இதுதான். பல மாடல்களில் இருக்கை 46 முதல் 50 செ.மீ. உயரம், 50 செ.மீ.க்கு மேல் ஆழம். நெட்டையான ஆட்களுக்குச் செய்தது. நம் ஆச்சிமார் பலருக்கு முழங்கால் மடிப்பிலிருந்து தரைவரை 40 செ.மீ. கூட வராது. பாதம் தரையில் பாவாமல் தொங்கும், விளிம்பு தொடையை அழுத்தும், கால் வீங்கும். முதுகு சாய்மானத்தில் படாததால் முன்னால் சரிந்து உட்காருவார்கள். அந்த நிலையில் நாற்காலி தூக்கினால் வழுக்கி விழவேண்டியதுதான்.

அம்மாவை மர நாற்காலியில் நேராக உட்காரவைத்து டேப் பிடியுங்கள். முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை இருக்கை உயரம். பிட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, 5 செ.மீ. கழித்தால் ஆழம். பிறகு அம்மாவையே கடைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து எழுப்பிப் பாருங்கள், செருப்பில்லாமல். வீட்டில் வெறுங்காலோடுதானே இருப்பார். தலைசுற்றல் உண்டென்றால் பாதி உயரத்தில் ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள்.

கே: மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய லிஃப்ட் சேரை பிளக் மட்டும் மாற்றிச் செருகினோம். புகை வந்துவிட்டது. (பாளையங்கோட்டை)

ப: அங்கே 120 வோல்ட், இங்கே 230. லேபிளைப் படிக்காமல் செருகலாமா? பெரும்பாலும் போயிருப்பது அடாப்டர்தான். மோட்டார் 24 அல்லது 29 வோல்ட் டி.சி.யில் ஓடுவது. 'அவுட்புட்' வோல்ட் பழைய அடாப்டரில் போட்டிருப்பதேயாகவும், ஆம்பியர் குறையாமலும், பின் பொருந்துவதாகவும், 'இன்புட் 100-240' என்று போட்டதாகவும் ஓர் அடாப்டர் வாங்கி, எலெக்ட்ரீஷியனை வைத்து மாட்டிப் பாருங்கள்.

கே: வாங்கிய பன்னிரண்டாம் நாள் நாற்காலி பாதியில் நின்றுவிட்டது. ஆச்சியை அக்கம்பக்கத்தார் வந்து இறக்கினார்கள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார் கடைக்காரர். (வள்ளியூர்)

ப: வயதான மனுஷியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு பில்லையும் நீட்டுவது அநியாயம். அந்த வரிக்குப் பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். இன்றே எழுத்தில் கேளுங்கள். நாற்காலி நின்ற நிலையை வீடியோ எடுங்கள். சீரியல் எண் லேபிளையும் படம் பிடியுங்கள். வெளி மெக்கானிக்கைப் பிரிக்க விடாதீர்கள், வாரண்டி போய்விடும். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அடுத்தது திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷம் அவகாசம் உண்டு.

கே: ஆன்லைனில் 'ரிக்ளைனர்' வாங்கினேன். எழுப்பவே மாட்டேன் என்கிறது. (மேலப்பாளையம்)

ப: ரிக்ளைனர் சாயும், எழுப்பாது. விளம்பரத்தில் 'லிஃப்ட்' என்று போட்டிருந்தால் திருப்பி அனுப்புங்கள். இல்லையென்றால் தப்பு உங்களுடையது.

கே: அப்பாவுக்கு மறதி நோய். தனியாக உட்காருவார். வாங்கலாமா?

ப: வேண்டாம். தெரியாமல் பொத்தானை அமுக்கினால் கீழே தள்ளிவிடும்.

கே: எங்கள் பட்டாசல் (கூடம்) குறுகல். கரண்ட்டும் அடிக்கடி போகும். (தென்காசி)

ப: சாதாரண மாடலுக்குச் சுவரிலிருந்து 30 முதல் 45 செ.மீ. விட வேண்டும், சுவரை ஒட்டிப் போடும் மாடலும் உண்டு. வாசல்நிலையின் அகலத்தை அளங்கள், முதுகுப் பகுதி கழலுமா என்று கேளுங்கள். பேட்டரி பேக்கப் இல்லாததை வாங்காதீர்கள். பலவற்றில் இரண்டு 9 வோல்ட் பேட்டரி இருக்கும். ஆளை ஒருமுறை இறக்கிவிட அது போதும், ஆனால் அவ்வப்போது மாற்ற வேண்டும். துணி உறையே நல்லது. நான் வாங்கிய ரெக்சின் நம் வெயிலுக்குத் தோல் தோலாக உரிந்துவிட்டது.

கே: அவ்வளவு பணத்துக்கு வழியில்லை. வேறு ஏதாவது?

ப: கைப்பிடியுள்ள கெட்டியான மர நாற்காலி போதும். உயரம் பற்றவில்லை என்றால் நாலு காலுக்கும் கட்டை வைக்கச் சொல்லுங்கள் ஆசாரியிடம். கால் நழுவாதபடி கட்டையில் 3 செ.மீ. குழி வெட்டியிருக்க வேண்டும். 5 செ.மீ. உயர்த்தினாலே எழுவது எளிதாகும். உட்கார்ந்தால் பாதம் மட்டும் தரையில் முழுசாகப் பாவ வேண்டும்.