ஹக்கும் ஜிம்மும் வகுப்பறைக்குள் வரலாமா?

கேள்வி: என் மகள் டெக்சாஸில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' பாடமாக வந்திருக்கிறது. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் அந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. வகுப்பில் ஒரே ஒரு கறுப்பினப் பையன். வாய்விட்டு வாசிக்கும்போது எல்லாரும் அவனையே திரும்பிப் பார்க்கிறார்களாம். இப்படி ஒரு புத்தகம் பள்ளியில் இருக்கத்தான் வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத தாய், அமெரிக்கா

பதில்: இருக்கலாம் அம்மா. ஆனால் வகுப்பு உங்கள் மகள் சொல்கிறபடிதான் நடக்கிறது என்றால், அந்த நாவலை நடத்தாமலே விட்டுவிடலாம்.

மதுரையில் முதுகலை மாணவர்களுக்கு அமெரிக்க இலக்கியத் தாள் நடத்தியவள் நான். எங்கள் வகுப்பில் அந்தச் சொல் யாரையும் சுட்டதில்லை, சுடப்பட வேண்டியவர் யாரும் அங்கே இல்லாததால். உங்கள் மகளின் வகுப்பில் அது ஒரு சிறுவனின் மேல் போய் விழுகிறது. நாவலில் 200 தடவைக்கு மேல் வரும் சொல். அத்தனை தடவையும் அவன் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்றால், அவன் அங்கே இலக்கியம் படிக்கவில்லை.

அமெரிக்காவில் 1885 பிப்ரவரியில் நாவல் வெளிவந்தது. அடுத்த மாதமே மாசசூசெட்ஸின் கான்கார்ட் நூலகம் அதை விலக்கிவைத்தது. கதையைச் சொல்லும் சிறுவன் ஹக்கின் கொச்சைப் பேச்சும் அடங்காத்தனமும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவனோடு தெப்பத்தில் ஆற்றுவழியே தப்பிப் போகும் கறுப்பின அடிமை ஜிம்மைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. நியூயார்க் நகரக் கல்வி வாரியம் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளின் பாடநூல் பட்டியலிலிருந்து அதை எடுத்தது 1957இல்தான். 1982இல் வர்ஜீனியாவில், மார்க் ட்வைன் பெயரையே தாங்கிய ஒரு பள்ளியின் கறுப்பின நிர்வாகி ஜான் வாலஸ் இந்த நாவல் வேண்டாம் என்று போராடினார். அவரைப் போன்றவர்களை 'இலக்கியம் புரியாதவர்கள்' என்று ஒதுக்கிவிடுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. அவர்கள் பேசியது தங்கள் பிள்ளைகளுக்காக.

அப்படியானால் ஏன் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்? 15ஆம் அத்தியாயத்துக்காக. மூடுபனியில் ஹக்கைத் தொலைத்துவிட்ட ஜிம், அவன் இறந்துவிட்டான் என்று நினைத்து நெஞ்சுடைந்து கிடக்கிறான். திரும்பி வந்த ஹக், எல்லாம் நீ கண்ட கனவு என்று ஏமாற்றி விளையாடுகிறான். விஷயம் புரிந்ததும், நண்பனை அவமானப்படுத்துகிறவன் குப்பை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு ஜிம் உள்ளே போய்விடுகிறான். ஹக் தயங்கித் தயங்கிக் கடைசியில் போய் மன்னிப்புக் கேட்கிறான். அடிமை முறை சட்டமாக இருந்த மிசூரி மண்ணில் பிறந்த வெள்ளைக்காரச் சிறுவன்! மன்னிப்புக் கேட்டதைச் சொல்லும் அதே வாக்கியத்திலும் அவன் வாயில் அந்தச் சொல்தான் வருகிறது. மனம் மாறிவிட்டது, ஊர் கொடுத்த நாக்கு இன்னும் மாறவில்லை. வேறு எந்தப் பாடநூலாலும் இதை இப்படிக் காட்ட முடியாது என்று நம்புகிறேன்.

பள்ளிக்குக் கடிதம் எழுதுங்கள். அந்தச் சொல்லை ஆசிரியர் உட்பட யாரும் உரக்க வாசிக்க வேண்டாம் என்று கேளுங்கள். கண்ணால் படித்தால் போதும். நாவலைத் தொடங்கும் முன்பே எல்லாப் பெற்றோருக்கும் தகவல் போக வேண்டும். அந்தப் பையனிடம் 'உனக்கு எப்படி இருக்கிறது' என்று வகுப்பு நடுவில் கேட்கவே கூடாது. கூடவே, அடிமையாகப் பிறந்து தப்பிய ஃபிரடெரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய தன்வரலாற்றையும் வைக்கச் சொல்லுங்கள், ஜிம்முக்காக ட்வைன் மட்டுமே பேசிக்கொண்டிருக்கக் கூடாது. அரிசோனாவில் ஒரு கறுப்பின மாணவியின் தாய் தொடுத்த வழக்கில், 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் புத்தகத்தை நீக்க உத்தரவிட மறுத்தது. ஆனால் மாணவர்கள் இனவெறிச் சொற்களால் ஒரு பிள்ளையைத் துன்புறுத்துவது தெரிந்தும் பள்ளி கைகட்டி நின்றால், அதற்குப் பள்ளி பொறுப்பேற்க வேண்டியிருக்கும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. உங்கள் கடிதத்தில் இதைக் குறிப்பிடலாம்.

கேள்வி: அந்தச் சொல்லை மட்டும் மாற்றி அச்சிட்டுவிட்டால் பிரச்சினை தீராதா?
– வாசகர், கோவை

பதில்: 2011இல் ஆலன் கிரிப்பன் என்ற ட்வைன் ஆய்வாளர் அப்படி ஒரு பதிப்பு கொண்டுவந்தார், 'அடிமை' என்று மாற்றி. பள்ளிகள் நாவலையே கைவிடுவதைப் பார்த்து வருந்திச் செய்தது அது. அவர் நோக்கத்தைக் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. ஹக்கின் குடிகாரத் தந்தை ஒஹையோவிலிருந்து வந்த ஒரு கறுப்பினப் பேராசிரியரை அந்தச் சொல்லால்தான் ஏசுகிறான். அவர் சுதந்திர மனிதர், பல மொழி பேசுகிறவர், சொந்த மாநிலத்தில் ஓட்டுரிமை உள்ளவர். அந்த வசை நிறத்தின் மேல் எறியப்பட்டது. 32ஆம் அத்தியாயத்தில், நீராவிப் படகு வெடித்ததாக ஹக் ஒரு பொய் சொல்கிறான். யாருக்காவது அடிபட்டதா என்று சாலி அத்தை கேட்கிறாள். இல்லை, ஒரு கறுப்பன் செத்தான் என்கிறான். நல்லவேளை, சில சமயம் மனிதர்களுக்கு அடிபட்டுவிடுகிறதே என்கிறாள் அவள். அன்பான பெண், சமயப்பற்று உள்ளவள். நான் வகுப்பில் அதிக நேரம் நின்ற இடம் இது.

சொல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நாவலின் பெரிய குறை தப்பிவிடும். கடைசி அத்தியாயங்களில் ஹக்கின் நண்பன் டாம் சாயர் வந்து, பிடிபட்ட ஜிம்மை விடுவிக்கிறேன் என்று அவனை அடைத்துவைத்த குடிசைக்குள் எலிகளையும் பாம்புகளையும் விட்டு விளையாடுகிறான். ஜிம் ஏற்கெனவே சட்டப்படி விடுதலை பெற்றவன் என்பது டாமுக்குத் தெரியும்! அத்தனை கண்ணியமாக வந்த மனிதன் அங்கே வேடிக்கைப் பொருளாகிவிடுகிறான். சொல்லை அழித்த பதிப்பிலும் இந்த அவமானம் அப்படியே இருக்கும்.

கேள்வி: மினசோட்டாவின் டுலூத் பள்ளிகள் 2018இல் இந்த நாவலைக் கட்டாயப் பாடத்திலிருந்து எடுத்தனவே. அது தடைதானே?
– வாசகி, திருச்சி

பதில்: இல்லை. நூலகத்தில் புத்தகம் இருந்தது, விரும்பியவர் எடுத்துப் படிக்கலாம். ஒரு கல்வியாண்டில் நாலைந்து நாவல்தான் நடத்த முடியும். எதை எடுப்பது என்பது ஆசிரியர்களின் உரிமை. ஒன்பதாம் வகுப்புக்கு இது சீக்கிரம் என்பதே என் எண்ணம். பதினோராம் வகுப்பில், பெர்சிவல் எவரெட் ஜிம்மின் வாயாலேயே இதே கதையைச் சொல்லும் 'ஜேம்ஸ்' நாவலோடு சேர்த்து வைப்பேன். 2024இல் வந்து அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது அது. அதிலும் அந்தச் சொல் உண்டு. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், ட்வைனை நூலகத்தில் வைத்துவிட்டு 'ஜேம்ஸ்' நடத்துவேன்.