வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்குத் தமிழ்ப்பள்ளியில் தமிழ் வருமா?

வரும். இப்படி ஒரு மொழிக்குள் முழுக வைத்துக் கற்பிப்பதை ‘இம்மெர்ஷன்’ என்பார்கள்; அதாவது மொழியை ஒரு பாடமாக மட்டும் வைக்காமல் கணக்கு, விளையாட்டு, பசியாறும் நேரம் எல்லாவற்றையும் அந்த மொழியிலேயே நடத்துவது. 1965-இல் கனடாவில், மொன்றியலுக்குப் பக்கத்தில் செயின்ட் லாம்பெர்ட்டில், ஆங்கிலம் பேசும் பெற்றோர்களே போராடிப் பாலர் வகுப்பிலிருந்து பிள்ளைகளுக்குப் பிரெஞ்சில் பாடம் நடத்த வைத்தார்கள். பிள்ளைகள் முதலில் ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் ஆசிரியர் பிரெஞ்சை விடவில்லை. ஆங்கிலமும் கெடவில்லை.

ஆனால் ஒன்று, கேட்டுப் புரிந்துகொள்வது அங்கே நன்றாக வந்த அளவுக்குப் பேச்சு வரவில்லை, வகுப்புக்கு வெளியே பிரெஞ்சில் பேசும் வாய்ப்பு குறைவு என்பது அதற்கு ஒரு காரணம். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரில் இருக்கும் நமக்கு அந்தக் குறை இல்லை, இந்த வாய்ப்பை விட்டுவிடவே கூடாது. சாயங்காலம் ஒட்டுக்கடைக்குக் கூட்டிப்போய் பிள்ளையையே “அண்ணே, ரெண்டு தோசை, சட்னி தனியா கட்டுங்க” என்று சொல்ல விடுங்கள், நீங்கள் முந்திக்கொண்டு ஆங்கிலத்தில் எடுத்துக்கொடுக்காதீர்கள். ஆரம்பத்தில் வாயே திறக்காமல் இருந்தாலும் பயப்பட வேண்டாம், பல பிள்ளைகள் அப்படித்தான், காதில் வாங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். அப்புறம், மலாயும் ஆங்கிலமும் தமிழ்ப்பள்ளியிலேயே பாடமாக இருக்கின்றன, அதற்காக வீட்டில் தமிழைக் குறைக்காதீர்கள்.