இதயத்தை ஜாடியில் வைக்காதீர்கள்

மகளின் பள்ளி நாடகத்தில், பண்டைய எகிப்தியர்கள் இறந்தவரின் உடலைப் பதப்படுத்தி மம்மியாக்கும் காட்சியில், நான்காவது ஜாடிக்குள் இதயத்தை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இதயத்தை எடைபோடும் அடுத்த காட்சியே நடக்காமல் போய்விடும்!

எகிப்தியர்கள் ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகிய நான்கைத்தான் வெளியே எடுத்துப் பதப்படுத்தி, தனித்தனி ஜாடியில் வைத்தார்கள். நான்காவது ஜாடிக்குப் பருந்துத் தலை மூடி செய்து, குடல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளையை மூக்கு வழியாகக் கொக்கியால் எடுத்து எறிந்துவிடுவார்கள். அறிவும் நினைவும் இதயத்தில் இருப்பதாக நம்பியதால் அதை உடலுக்குள்ளேயே விட்டார்கள். மறுமையில், இறந்தோர் உலகின் கடவுளான ஒசைரிஸின் சபையில், தராசில் உண்மையின் தெய்வமான மாஅத்தின் இறகுக்கு எதிர்த்தட்டில் வைக்க அது வேண்டுமே! எடை தவறினால் விழுங்கிவிட, முதலைத் தலையுடன் அம்மித் என்ற அரக்க விலங்கு அருகிலேயே காத்திருக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மம்மியின் நெஞ்சில் பச்சைக்கல்லில் செதுக்கிய வண்டு ஒன்றை வைப்பார்கள். அதன் அடிப்பக்கத்தில், தனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடாதே என்று இறந்தவர் தன் இதயத்திடமே கெஞ்சும் வேண்டுதல் இருக்கும். அட்டையில் பச்சை வண்ணம் பூசினால் வண்டு தயார். அந்த வரியை மகளே மேடையில் சொல்லட்டும்.