படைப்புழு மருந்தும் மயக்க மருந்தும்

கேள்வி: எங்கள் மக்காச்சோளக் காட்டில் படைப்புழுவுக்கு அடிக்கும் குளோரான்ட்ரனிலிப்ரோல், புழுவின் தசையில் கால்சியத்தைத் திறந்துவிட்டுக் கொல்கிறது என்கிறார் மருந்துக் கடைக்காரர். அதை வெளிவராமல் தடுக்கும் மருந்தும் உண்டா? இரத்த அழுத்தத்துக்கு நான் சாப்பிடும் அம்லோடிபின் அந்த வகைதானா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: கடைக்காரர் சொன்னது சரியே. தசையிழைக்குள் சார்கோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்னும் சவ்வுப் பை கால்சியத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. நரம்பின் கட்டளை வந்ததும் அச்சவ்விலுள்ள ரையனோடின் ஏற்பி கணநேரம் திறந்து கால்சியத்தை விட, தசை சுருங்குகிறது. பூச்சிமருந்து புழுவின் ஏற்பியைத் திறந்தபடியே நிறுத்திவிடுவதால் அச்சேமிப்பு வற்றிப்போகிறது. மருந்தடித்த சில மணி நேரத்தில் குருத்தைப் பிரித்துப் பார்த்தால், புழு உயிரோடிருந்தும் இலையைக் கடிக்க முடியாமல் துவண்டு கிடக்கும். சாக ஓரிரு நாள் ஆகும் என்பதை அறியாமல் மறுநாளே வேறு மருந்தை அடிப்பது வீண் செலவு. நம் ஏற்பி இம்மருந்துக்கு அவ்வளவு எளிதில் இணங்குவதில்லை. (அதற்காக முகமூடியின்றித் தெளிக்கலாம் என்று கொள்ள வேண்டாம்.)

தடுக்கும் மருந்து டான்ட்ரோலீன். அதன் அருமை அறுவை அரங்கில்தான் தெரியும். ரையனோடின் ஏற்பியில் பரம்பரைக் குறை உள்ள சிலருக்கு, செவோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுவோ, தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் ஊசியோ கொடுத்தால், கால்சியம் அடங்காமல் கொட்டி, உடல் விறைத்து, வெப்பம் மளமளவென ஏறிவிடும். உறவினர் பத்துப் பேர் ஈத்தர் மயக்கத்தில் இறந்த ஒரு குடும்பத்தைப் பற்றி 1960இல் மெல்போர்ன் மருத்துவர்கள் டென்பரோவும் லவெலும் எழுதியபோதுதான் இது மரபுவழி நோய் என்று உலகம் அறிந்தது. பத்தில் ஏழெட்டுப் பேரைக் கொன்ற அந்நோய்க்கு டான்ட்ரோலீன் உதவும் என்பதை, 1975இல் தென்னாப்பிரிக்காவின் ஹாரிசன் பன்றிகளில் காட்டினார். முதல் ஊசி உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். வழக்கமான குப்பி ஒன்றில் இருப்பதோ 20 மில்லிகிராம் தூள். அதையும் 60 மில்லி நீரில் குலுக்கிக் கரைக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு எட்டுக் குப்பிகள் என்றால், அந்தப் பதற்றத்தில் கரைப்பதற்கென்றே தனியாக ஆள் வேண்டும்.

அம்லோடிபின் இவ்வகையன்று, அது இரத்தக்குழாய்த் தசைக்குள் வெளியிலிருந்து கால்சியம் நுழைவதைக் குறைக்கிறதேயன்றி உட்பையைத் தொடுவதில்லை. ஆனால், பங்காளிகளிலோ அம்மாயி வீட்டு வழியிலோ எவரேனும் மயக்க மருந்தின்போது காய்ச்சல் கண்டு இறந்திருந்தால், அறுவைக்கு முன்பே அதை மயக்கவியல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த வாயுக்களைத் தவிர்த்து, இரத்தக்குழாய் வழி ஏற்றும் மருந்துகளாலேயே மயக்கம் கொடுக்க அவரால் இயலும்.