பண்டிகை விடுமுறையில் சிறு நிறுவனத்தை சைபர் தாக்குதலிலிருந்து காப்பாற்ற எந்த மென்பொருள் வாங்கலாம்?

பத்துப் பேர் வேலை செய்கிற இடம், ஒரு வாரம் பூட்டிவிட்டுப் போகப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். நல்ல மென்பொருளும் இருந்தது. பணம் போய்விட்டது.

விடுமுறைக்கு முதல் நாள் சாயங்காலம், எங்களுக்குச் சரக்கு அனுப்புகிறவரிடமிருந்து மெயில் வந்தது. ஒரு மாதமாக ஓடிக்கொண்டிருந்த அதே மெயில் தொடரில், அவருடைய அதே முகவரியிலிருந்து. பழைய வங்கிக் கணக்கில் தணிக்கை நடக்கிறது, நிலுவையை இந்தப் புதுக் கணக்கில் இன்றே போட்டுவிடுங்கள் என்று இருந்தது. பில் எண் சரி, தொகை சரி. நான் பயணத்தில் இருந்தேன். எங்கள் அக்கவுண்டன்ட் இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார், நான் எடுக்கவில்லை. எல்லாப் பாக்கியையும் முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று காலையில் சொன்னதும் நான்தான். அவர் அனுப்பிவிட்டார்.

ஆறு நாள் கழித்து சரக்குக்காரர் போன் செய்து பாக்கி என்னாயிற்று என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அவருடைய மெயில் பாஸ்வேர்டு எப்போதோ திருட்டுப் போயிருக்கிறது. திருடன் உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்திருக்கிறான், எங்களிடமிருந்து போகும் மெயில் எல்லாம் யாரும் திறக்காத ஒரு ஃபோல்டருக்குப் போகும்படி விதி எழுதி வைத்திருக்கிறான். 'பணம் அனுப்பிவிட்டோம்' என்ற எங்கள் பதிலை அவர் பார்க்கவே இல்லை. வைரஸும் இல்லை, கெட்ட லிங்க்கும் இல்லை, எங்கள் மென்பொருள் எதைப் பிடிக்கும்? வங்கிக்குச் சொல்வதற்குள் அந்தக் கணக்கு காலி. முதல் நாளே சொல்லியிருந்தால் நிறுத்தி வைத்திருக்க வாய்ப்பாவது இருந்திருக்கும்.

திருடர்களுக்கு வேண்டியது அந்த ஆறு நாள்தான். 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியில் நடந்ததும் இதுதான். முன்பே உள்ளே புகுந்திருந்தவர்கள் வியாழன் இரவு பணம் அனுப்பும் உத்தரவுகளைப் போட்டார்கள், வெள்ளியும் சனியும் அங்கே வார விடுமுறை, ஞாயிறு பணம் இருந்த நியூயார்க்கில் ஆளில்லை, திங்கள் பணம் போய்ச் சேர்ந்த பிலிப்பைன்ஸில் சீனப் புத்தாண்டு விடுமுறை. 8.1 கோடி டாலர் போனது.

ஆண்டிவைரஸ் வேண்டாம் என்கிறாயா என்று யாராவது கேட்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. 2021 ஜூலை 2, அமெரிக்காவில் நீண்ட விடுமுறை தொடங்குகிற வெள்ளிக்கிழமை, பல நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் கசேயா நிறுவனத்தின் மென்பொருள் வழியாக 1,500 நிறுவனங்கள் வரை ரான்சம்வேரில், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸில், மாட்டின. அதனால் அப்டேட் போடுங்கள், மெயிலுக்கும் வங்கிக்கும் இரட்டைச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் எண்ணும் கேட்பது) வையுங்கள், பேக்கப் எடுத்த டிஸ்க்கைக் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். செருகியே இருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கடைசி மாலை அவசரம் எங்கிருந்து வந்தது? எங்களிடம் வாங்கும் பெரிய நிறுவனங்கள் மூன்று மாதம் பில்லை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, விடுமுறைக்கு முதல் நாள் மதியம்தான் பணத்தை விடுகிறார்கள். பிறகு நாங்கள் இரண்டு மணி நேரத்தில் இருபது பேருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்த நெருக்கடியில் யார் நிதானமாகப் பார்ப்பார்கள்? ஆனால் தெரிந்தவர்கள் எல்லாரும் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று, அந்த அக்கவுண்டன்ட்டை அனுப்பிவிடு என்று. நான் அனுப்பவில்லை, அது இன்றும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. போனை எடுக்காதவன் நான்.

இப்போது எங்களிடம் விதி இதுதான். விடுமுறைக்கு முந்தைய வாரமும் விடுமுறையிலும் யாருடைய வங்கிக் கணக்கு விவரமும் மாறாது. மற்ற நாட்களில் மாற்றம் கேட்டால், மெயிலில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, நம்மிடம் பழையதாக இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பெரிய தொகைக்கு இரண்டு பேர் சம்மதம். விடுமுறையில் தினமும் ஒருவர் வங்கிக் கணக்கைத் திறந்து பார்ப்பார், வங்கியின் அவசர எண் ஐந்து பேர் போனில் இருக்கிறது.

போன விடுமுறைக்கு முதல் நாள் நானே போன் செய்து ஒருவருடைய கணக்கை மாற்றிப் பணம் போடச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டார் அதே அக்கவுண்டன்ட். திறந்த பிறகு விசாரித்துத்தான் போட்டோம்.